நடித்தார்கள், ஆனால் வாசிக்கவில்லை: ஒரு நான்காம் வகுப்பின் 12 வாரங்கள்

பின்னணி

நான்காம் வகுப்பு, 29 பிள்ளைகள், நாளுக்கு 40 நிமிடம் மொழிப்பாடம். வகுப்பை என்னிடம் ஒப்படைத்த ஆசிரியர் போகிற போக்கில் சொன்னார்: “எழுத்தெல்லாம் தெரியும் டீச்சர். வாசிக்கத்தான் வராது.” ஏதோ விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டே நாளில் அதன் பொருள் புரிந்தது.

அதுவரை அங்கே நடந்த வாசிப்பு நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். ஒருவர் எழுந்து ஒரு பத்தி வாசிப்பார், உட்காருவார், அடுத்தவர் எழுவார். கணக்குப் போட்டால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். மீதி நேரத்தில் மற்றவர்கள் கவனிப்பதுபோல் தெரியும். உண்மையில் தன் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணி, அதை மட்டும் உதட்டுக்குள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முறை முடிந்ததும் புத்தகம் திறந்தே இருக்கும், கண் வேறு எங்கோ இருக்கும்.

நாடக உத்திகளை வாசிப்புக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் எனக்கு முன்பே உண்டு. ஆசிரியரே பாத்திரமாகி வகுப்புக்குள் இறங்கும், பிரிட்டிஷ் நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட்டின் முறையைப் பற்றிப் பயிற்சி ஒன்றில் கேட்டிருக்கிறேன். செய்துபார்த்ததில்லை. இந்த வகுப்பில் செய்தேன். முதல் மூன்று வாரம் தவறாகச் செய்தேன். இந்தப் பதிவில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் கவனித்தவை

முதல் வாரத்தில் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, முன்பு பார்த்திராத ஒரு சின்னக் கதையை ஒரு நிமிடம் வாசிக்கச் சொன்னேன். அப்புறம் தாளை மூடிவிட்டு, “என்ன நடந்தது, சொல்லு” என்றேன். தவறும் சொற்களை நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளேயின் குறிப்பு முறையைப் போல ஒரு பிரதியில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டேன். நூறு சொல்லில் பத்துக்கு மேல் தவறினால் அந்தப் பகுதி அந்தப் பிள்ளைக்குக் கடினம் என்பது அந்த முறையின் கணக்கு.

எட்டுப் பேர் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார்கள். ஆறு பேர் கடகடவென்று வாசித்தார்கள், ஆனால் கதையைச் சொல்லத் தெரியவில்லை. மீதிப் பேர் நடுவில் எங்கோ இருந்தார்கள்.

மூன்று பிள்ளைகளை மட்டும் நெருக்கமாகத் தொடர்ந்தேன். ஒருவன் முன்வரிசைப் பையன். 247 எழுத்தில் எதைக் காட்டினாலும் சொல்லிவிடுவான். ஆனால் ‘படகு’ என்ற சொல்லை ப, ட, கு என்று கூட்டிவிட்டு என்ன சொல் என்று தெரியாமல் விழித்தான். இதில் அவன் தவறு ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லில் டகரமும் குகரமும் மெலிந்து ஒலிக்கின்றன. தனித்தனியாகக் கூட்டினால் இரண்டும் வல்லோசையாகத்தான் வரும். மெலிந்து ஒலிக்க வேண்டும் என்று எழுத்து சொல்லாது. சொல்லைத் தெரிந்தவனுக்குத்தான் அது தெரியும். வாசிப்பு ஆய்வாளர்கள் காஃப், டன்மர் இருவரும் 1986-ல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளுதல். இரண்டில் ஒன்று சுழியானாலும் விடை சுழி. படகில் ஏறிய அனுபவத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவன் இவன். மொழி இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது, இரண்டும் ஒன்றை ஒன்று சந்திக்கவில்லை.

அடுத்தவள், நான் மனதுக்குள் வேகக்காரி என்று பெயர் வைத்திருந்தவள். வகுப்பிலேயே நன்றாக வாசிப்பவள் என்று பெயர் எடுத்தவள். முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எதற்கும் நிற்க மாட்டாள். கதையைக் கேட்டால், “ஒரு பையன்… ஒரு ஆறு…” அவ்வளவுதான். மூன்றாமவள் ஜன்னலோரச் சிறுமி. வாசிப்பாள், புரிந்தும் வைத்திருப்பாள், ஆனால் அந்தக் குரல் எனக்கே கேட்காது.

முதல் முயற்சி: மூன்று வாரம்

பாடப்புத்தகத்தில் உரையாடல் நிறைந்த ஒரு கதைப் பாடத்தை எடுத்தேன். பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்தேன். அட்டையில் கிரீடம், கோல், மீசை என்று பிள்ளைகளே செய்து கொண்டுவந்தார்கள். மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை அரங்கேற்றம். பக்கத்து வகுப்பும் வந்து உட்கார்ந்தது. முன்வரிசைப் பையனுக்கு ஆறு வசனம், ஒன்றுகூடப் பிசகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கைதட்டல் முடிந்ததும் அவனை அழைத்து, அவன் பேசிய வசனத்தின் தாளைக் கொடுத்து, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு “இது என்ன?” என்றேன். அவன் அந்தச் சொல்லைப் பார்க்கவே இல்லை. விரலை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், வசனத்தை முதலில் இருந்து ஒப்பித்துக்கொண்டே விரலை நகர்த்தி, நான் தொட்ட இடத்துக்கு வந்ததும் நின்று, அந்தச் சொல்லைச் சொன்னான். சரியான சொல்தான். ஆனால் அதை அவன் வாசிக்கவில்லை, எண்ணிச் சொன்னான்.

வீட்டில் யாரோ வாசித்துக் காட்ட, கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறான். அவன் மட்டும் இல்லை. விசாரித்தபோது பாதிப் பேர் அப்படித்தான். பக்கத்து வகுப்பு ஆசிரியை, பணியில் எனக்கு மூத்தவர், அன்று மாலை சொன்னார்: “நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மூணு வாரமா உங்க கிளாஸ்ல புத்தகம் எல்லாம் பையிலயே இருந்துச்சே, கவனிச்சீங்களா?”

கவனிக்கவில்லை.

இன்னொரு தவறும் அந்த மூன்று வாரத்தில் நடந்தது. ஜன்னலோரச் சிறுமியின் கூச்சம் போகட்டும் என்று, அவளைப் பாத்திரமாக நாற்காலியில் உட்காரவைத்து மற்றவர்களைக் கேள்வி கேட்கச் சொன்னேன். இருபத்தெட்டுப் பேர் பார்க்க, அவள் ஒரு சொல்லும் பேசாமல் குனிந்திருந்தாள். அடுத்த இரண்டு நாள் வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும்தான் தூக்கினாள். கூச்சத்தைப் போக்குகிறேன் என்று அதைக் கூட்டிவிட்டேன்.

நான்காம் வாரம்: என்ன மாற்றினேன், ஏன்

நான்காம் வாரம் நாடகமே இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். நடிப்பு பிள்ளைகளைத் தாளிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது: நடிக்க வேண்டும் என்றாலே தாளுக்குத் திரும்பிப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை.

அதனால் மனப்பாடத்தைத் தடை செய்தேன். வேடம் இல்லை, அசைந்து நடிப்பதும் இல்லை. தாளைக் கையில் பிடித்தபடி குரலால் மட்டும் நடிக்க வேண்டும். வாசிப்பு நாடகம் என்று இதற்குப் பெயர் வைத்தோம். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முன்கூட்டிச் சொல்லவே மாட்டேன். பகுதியை எல்லோரும் இரண்டு நாள் வாசித்துப் பழகுவார்கள், மூன்றாம் நாள் காலையில் சீட்டு எடுப்பார்கள். எந்தப் பாத்திரமும் யாருக்கும் வரலாம் என்பதால் எல்லா வரியையும் பார்த்தாக வேண்டும்.

பகுதிகளைச் சுருக்கினேன். திரும்பத் திரும்ப வாசித்தலைப் பற்றி 1979-ல் எழுதிய ஆய்வாளர் சாமுவேல்ஸ் 50 முதல் 200 சொல் வரையிலான சிறு பகுதிகளைத்தான் பரிந்துரைத்தார். அதே பகுதியை மறுபடி மறுபடி வாசிக்கும்போது சொற்கள் தயக்கமில்லாமல் வர ஆரம்பிக்கும், கவனம் பொருளுக்குப் போகும் என்பது அவர் வாதம். அதில் எனக்கு இருந்த சிக்கல் வேறு. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ‘இதையே ஐந்து தடவை வாசி’ என்றால் ‘ஏன்?’ என்று முகத்தைச் சுளிக்கும். ‘கோபமாகக் கேட்டுப் பார், இப்போது பயந்துகொண்டு கேட்டுப் பார்’ என்றால் ஆறாவது தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாசிக்கும். ஒத்திகை என்பது திரும்ப வாசிப்பதற்கு ஒரு நியாயமான காரணம்.

பிறகு ‘ஸ்டாச்சு’. பிள்ளைகள் மைதானத்தில் விளையாடும் அதே விளையாட்டு. கதையில் ஒரு கணத்தை நான்கு பேர் சிலையாக நின்று காட்ட வேண்டும். பார்ப்பவர்கள் எந்தச் சிலையை வேண்டுமானாலும் சுட்டி, “எந்த வரி?” என்று கேட்கலாம். அந்தச் சிலை தன் கை ஏன் அப்படி இருக்கிறது, முகம் ஏன் திரும்பியிருக்கிறது என்பதற்கான வரியைத் தாளிலிருந்து வாசித்துக் காட்ட வேண்டும். வரி இல்லையென்றால் நிற்கும் விதத்தை மாற்ற வேண்டும். கேள்வி நாற்காலிக்கும் இதே விதிதான், ஒரு திருத்தத்தோடு: நாற்காலியில் ஒருவர் இல்லை, இருவர். ஒருவர் பேசுவார், பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்த்து வரி எடுத்துக்கொடுப்பார். அவருக்கு ‘வரிக்காரர்’ என்று பெயர் பிள்ளைகளே வைத்தது.

தலைமையாசிரியர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “சத்தம் நிறைய இருக்கே, பாடம் எப்ப முடிப்பீங்க?” என்றார். நியாயமான கேள்விதான். வாரத்தில் மூன்று நாள் மட்டும், அதிலும் 20 நிமிடம் மட்டும் என்று ஒப்புக்கொண்டேன். இப்போது பார்த்தால் அந்தக் கட்டுப்பாடு நல்லதாகவே முடிந்தது.

ஏழாம் வாரம்: கயிறு

இந்தக் காலம் முழுவதிலும் எனக்கு மறக்காத பாடவேளை ஒன்று. அன்று கொடுத்தது நானே எழுதிய ஒரு பக்கக் கதை. மழை விட்ட இரவு, கரையில் ஒரே ஒரு படகு. ஒரு பையன் ஓடி வந்து, அக்கரைக்குப் போய் வைத்தியரை அழைத்து வர வேண்டும் என்கிறான். அடுத்த வரி இது:

“இந்த நேரத்தில் ஆற்றைக் கடக்க வேண்டுமா?” என்று கேட்டார் படகோட்டி, முளையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டே.

சீட்டில் படகோட்டி வேகக்காரிக்கு வந்தது. வழக்கம்போல ஒரே மூச்சில் வாசித்தாள். “அவருக்கு என்ன மனநிலை?” என்றேன். “கோபம். வர மாட்டேங்கிறார்.” சரி, கோபமாகவே கேள் என்றேன். அதட்டலாகக் கேட்டாள். நன்றாகவே இருந்தது, வகுப்பும் ஒப்புக்கொண்டது.

அப்போது அவள் பக்கத்தில் வரிக்காரராக இருந்தது ஜன்னலோரச் சிறுமி. தாளை விரலால் தொட்டபடி, கேட்டும் கேட்காத குரலில் சொன்னாள்: “கயிறை அவுத்துட்டாரே.”

வேகக்காரி திரும்பித் தாளைப் பார்த்தாள். வகுப்பில் சத்தம் இல்லை. அந்த வரியை அவள் மனதுக்குள் மறுபடி வாசிப்பது உதட்டசைவில் தெரிந்தது. “வர மாட்டார்னா எதுக்குக் கயிறை அவுக்கணும்?” என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். “அப்போ அவர் போறதுன்னு முடிவு பண்ணிட்டார். சும்மா கேக்கறார்.” “சும்மா இல்ல, பயமா இருக்கு, ஆனா போறார்.” அடுத்த ஐந்து நிமிடம் ஒரு வரியைப் பற்றி ஒரு வகுப்பே சண்டை போட்டது. கடைசியில் வேகக்காரி அதே கேள்வியைத் தாழ்ந்த குரலில், பாதி தனக்குள்ளேயே பேசுவதுபோல் வாசித்தாள். அதட்டல் போய்விட்டது.

அன்று எனக்கும் ஒன்று பிடிபட்டது. தமிழில் ‘என்றான்’, ‘என்று கத்தினாள்’, ‘என்று முணுமுணுத்தார்’ எல்லாம் பெரும்பாலும் பேச்சு முடிந்த பிறகுதான் வருகின்றன. எப்படிப் பேச வேண்டும் என்ற குறிப்பு, பேசி முடித்த பிறகே கண்ணில் படுகிறது. வாய் ஒரு சொல்லில் இருக்கும்போது கண் சற்று முன்னால் ஓடினால்தான் சரியான தொனியில் வாசிக்க முடியும். எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு அது முடியாது. வேகக்காரியால் முடியும், ஆனால் முன்னால் பார்க்க அவளுக்கு ஒரு தேவையே இருந்ததில்லை. ‘ஏற்ற இறக்கத்தோடு வாசி’ என்று நாம் வருடக்கணக்காகச் சொல்கிறோமே, அது பிள்ளையின் காதில் ‘பாட்டு மாதிரி இழு’ என்றுதான் விழுகிறது என்று நினைக்கிறேன். படகோட்டியாக வாசி என்றபோதுதான் கண் முன்னால் போக ஒரு காரணம் கிடைத்தது.

மறுநாளே ஒரு வேலை சேர்த்தேன். வாசிக்கும் முன் பென்சிலோடு தாளைப் பார்த்து, மேற்கோளுக்குப் பின்னால் பேச்சின் தொனியைச் சொல்லும் சொல்லின் கீழே கோடு போட வேண்டும். நீண்ட சொற்களுக்கும் அதே பென்சில். ‘அவிழ்த்துக்கொண்டே’ என்பதை முன்வரிசைப் பையன் ‘அவி, ழ்த்து, க்கொண், டே’ என்று உடைத்துக்கொண்டிருந்தான். ‘அவிழ்த்து / கொண்டே’ என்று நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்டியதும், “ஓ, அவுத்துக்கிட்டே!” என்றான். அந்தப் பேச்சு வடிவம் வாயில் வந்த கணம்தான் அவன் சொல்லைக் கண்டுபிடித்த கணம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வசனத்தையும் முதலில் தாளில் உள்ளபடியும், பிறகு வீட்டில் பேசுவதுபோலவும், மறுபடி தாளில் உள்ளபடியும் சொல்ல வைத்தேன். எழுத்துத் தமிழுக்கும் அவன் பேசும் தமிழுக்கும் இடையே அவனே போட்டுக்கொண்ட பாலம் அது.

தோற்ற ஒன்று

பத்தாம் வாரம், மழை எப்படி உருவாகிறது என்ற அறிவியல் பகுதியை இதே முறையில் செய்துபார்த்தேன். ஒருவன் சூரியன், நால்வர் நீராவி, மற்றவர்கள் மேகம். எல்லோரும் சந்தோஷமாக மேகமானார்கள், தாள்கள் தரையில் கிடந்தன. தகவல் பகுதிக்கு வேறு உத்தி வேண்டும். பாத்திரமும் பேச்சும் இல்லாத இடத்தில் வலிந்து நாடகத்தைப் புகுத்தினால் முதல் மூன்று வாரத்தின் கதைதான்.

12-ஆம் வாரம்

முதல் வாரம் போலவே தனித்தனியாக, முன்பு பார்த்திராத, ஏறக்குறைய அதே கடினம் உள்ள பகுதியைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிய எட்டுப் பேரில் ஐந்து பேர் சொல் சொல்லாக, சில இடங்களில் தொடர் தொடராக வாசித்தார்கள். முன்வரிசைப் பையன் அவர்களில் ஒருவன். வேகத்தில் இன்னும் பின்தங்கியிருக்கிறான். ஆனால் தவறாக வாசித்த ஒரு சொல்லில் தானே நின்று, “இல்ல, அது வராது” என்று திரும்பிப் போய்த் திருத்திக்கொண்டான். பொருள் பொருந்தவில்லை என்று அவனுக்கே உறுத்தியிருக்கிறது. முதல் வாரக் குறிப்பில் அவன் தானாகத் திருத்திய இடம் ஒன்றுகூட இல்லை.

வேகமாக வாசித்துப் புரியாதிருந்த ஆறு பேரில் நான்கு பேர் கதையைக் காரணத்தோடு சொன்னார்கள். வேகக்காரியின் வேகம் குறைந்திருக்கிறது. அவள் அம்மா, “முன்னாடி நல்லா வாசிச்சாளே டீச்சர், இப்ப நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறா” என்று கவலைப்பட்டார். விளக்கிச் சொன்னேன், முழுதாக ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

எழுத்துக் கூட்டியவர்களில் மீதி மூன்று பேர் அதே இடத்தில் நின்றார்கள்.

இந்த மாற்றம் நாடகத்தால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வகுப்பு இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டு வாசித்த நேரமும் இந்த வாரங்களில் பல மடங்கு கூடியது. பலன் அதிலிருந்தே வந்திருக்கலாம். நாடகம் அந்த நேரத்தை அலுப்பில்லாமல் கடத்தியது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மறுபடி செய்தால்

வேடம், மனப்பாடம், அரங்கேற்றம் மூன்றும் ஆண்டு விழாவுக்கே இருக்கட்டும். வாசிப்பு வகுப்புக்கு அவை வேண்டாம்.

ஜன்னலோரச் சிறுமியை வரிக்காரராக வைத்தது சரியான முடிவு. ஆனால் ஐந்து வாரம் அதிலேயே விட்டது தவறு. தாளுக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடைத்துவிட்டது அவளுக்கு. மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும் கூட்டப் பகுதிகளை மூன்றாம் வாரத்திலேயே கொடுத்து, அப்புறம் இருவராக, அப்புறம் தனியாக என்று நகர்த்தியிருக்கலாம். பதினொன்றாம் வாரம்தான் அதைத் தொடங்கினேன்.

நின்றுபோன மூன்று பேருக்கு வேண்டியது வேறு. இருவருக்கு உயிர்மெய்க் குறிகளிலேயே, குறிப்பாக ஒகர ஓகாரக் கொம்புகளில், குழப்பம் இருந்தது. குழுவாக வாசிக்கும்போது அடுத்தவன் குரலைப் பிடித்துக்கொண்டு அரை நொடி பின்னால் அவர்களும் சொல்லிவிடுவார்கள். அதனால் எட்டு வாரம் அது என் கண்ணில் படவில்லை. முதல் வாரக் குறிப்புத் தாளைச் சரியாகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். கோடு போட்டேனே தவிர, எந்த எழுத்தில் கோடு விழுகிறது என்று வகை பிரித்துப் பார்க்கவில்லை. நாடகம் ஒருபுறம் நடக்க, அவர்களுக்குத் தினம் பத்து நிமிடம் எழுத்துப் பயிற்சி தனியாக நடந்திருக்க வேண்டும். இப்போது நடக்கிறது.

மூன்றாமவன் விஷயம் வேறு. ‘ஸ்டாச்சு’வில் எப்போதும் தாளை முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு நிற்பான். கடிதம் வாசிக்கும் கிழவராக அவன் அப்படி நின்றபோது, “பாருங்க, எவ்வளவு இயல்பா நடிக்கிறான்” என்று வகுப்பைக் கைதட்டச் சொன்னேன். 12-ஆம் வாரச் சோதனையில் மேசை மேல் இருந்த தாளை அவன் அதேபோல் தூக்கிப் பிடித்தபோதுதான் உறைத்தது. கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்துக் கண்ணாடியோடு வந்தான்.